மல்லிகைச் சோப்பும் சிவப்பு மூடி டப்பாவும்

இரண்டாம் மாடியைக் காலி செய்துவிட்டு, ஐந்தாம் மாடிக்காரியான எனக்கும் மேலே எங்கேயோ குடிபோய்விட்ட என் மதினிக்கு,

செல்வி எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத என்ன அவசியம் இருந்தது? லிஃப்டில் ஏறிப் பொத்தானை அமுக்கினால் உங்கள் வாசல். லிஃப்ட் ரிப்பேர் என்றால் படிக்கட்டு. மாதத்தில் பாதி நாள் படிக்கட்டுதான். அந்த விஷயத்தில் நீங்கள் போன பிறகும் நம் ஹைதராபாத் மாரெட்பள்ளி அபார்ட்மெண்டில் எந்த முன்னேற்றமும் இல்லை.

இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் புருஷனுடைய அக்காவையும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மற்ற ஊர்களில் நாத்தனார் என்பார்கள், சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த முதல் பத்து வருஷம் நானும் கடித்தேன். நீங்களும் கடித்தீர்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் பல் ஆட ஆரம்பித்ததும் சமாதானமாகிவிட்டோம்.

முதலில் ஊர் சமாசாரம். உங்கள் வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். இருவரும் ஐ.டி. மூன்று வேளையும் சாப்பாடு பையில் வருகிறது. சமையலறையில் சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் சோப்பு அச்சுகளை வரிசையாக ஆறவைத்த கருங்கல் மேடைமேல் இரண்டு ஹெல்மெட் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பால் பாக்கெட் மாறி வந்துவிட்டது என்று கதவைத் தட்டினேன். பால் பாக்கெட் மாறவில்லை.

பகல் மூணு மணிதான் கஷ்டமாக இருக்கிறது மதினி. மற்ற நேரமெல்லாம் எப்படியோ நகர்ந்துவிடுகிறது. மூணு மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டு, குப்பை வாளியை எடுக்க வந்தவள் மாதிரி திரும்பி வருகிறேன். யார் பார்க்கிறார்கள் என்று இந்த நடிப்பு?

தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவர் நீங்கள். ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், பேகம் பஜாரிலிருந்து பத்துக் கிலோ சோப்பு பேஸ் கட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். மடியில் ரப்பர் அச்சுகள், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. "மதினி வீட்டுலயே சோப்பு செய்யுதாங்க" என்று நான் அன்றைக்கே அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

"செய்யல ட்டி" என்று திருத்தினீர்கள். "எவனோ செஞ்சு வச்ச சோப்பை உருக்கி ஊத்துதோம். காஸ்டிக் சோடா கலந்து செய்யுதது வேற வேலை. பொய் சொல்லிட்டுத் திரியாத."

உங்களுக்குப் பொய் பிடிக்காது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

உருக்கி ஊற்றுவது என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் நான் கூட நின்றேன். வெள்ளைக் கட்டியை மைசூர்பாகு அளவுக்குத் துண்டு போட வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் இன்னொரு பாத்திரம், அதற்குள் துண்டுகள். தண்ணீர் கொதிக்கக் கூடாது, முனகினால் போதும். கரண்டியை வேகமாகச் சுற்றினால் நுரை கட்டும். தெர்மாமீட்டர் அறுபதுக்குக் கீழே இறங்கினால்தான் வாசனை எண்ணெய் விடலாம். நான் சீசாவைத் தூக்கினால் போதும், "நக்கோ ட்டி" என்று தடுப்பீர்கள், இந்த ஊர் 'வேண்டாம்'. முப்பத்தைந்து வருஷ ஹைதராபாத்தும் நம் ஊரும் அந்த ஒரு வாக்கியத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும்.

ஊற்றியதும் மேலே ஸ்பிரிட்டைப் பீய்ச்சினால் குமிழியெல்லாம் பட்டுப் பட்டென்று உடையும். அந்த வேலையை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தீர்கள். நாலு மணி நேரம் ஆறிய பிறகு அச்சிலிருந்து எடுத்து, எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாளில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு சோப்பு வேர்க்கும். இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்தவன் மாதிரி முத்து முத்தாக வேர்க்கும். பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். "இதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுராத" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்?

அந்தப் பால் கருகிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்குக் கொரோனா வந்துபோய் ஆறு மாதம் இருக்கும். மூணு மணிக்கு நான் உள்ளே நுழைந்தால் வீடெல்லாம் கருகல் நாற்றம். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கரிக்கட்டையாக நிற்கிறது. நீங்கள் அடுப்புக்கு முதுகைக் காட்டி மேஜையில் உட்கார்ந்து நிதானமாக லேபிள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

"மதினி, பால்."

திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

"ஆறு மாசமா ஒண்ணும் தெரியல ட்டி. பிச்சிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். டாக்டர் வந்தாலும் வரலாம்ங்கான், வராமலும் போவலாம்ங்கான்."

"மீனாட்ட சொன்னீங்களா?" உங்கள் மகள் அப்போதே பூனாவில் வேலையில் இருந்தாள்.

"அவகிட்ட மூச்சு விடாத. பயந்துபோய் பூனாவுக்கு இழுத்துட்டுப் போயிருவா. எனக்கு இந்த வீடு போதும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றிலிருந்து உங்கள் மூக்கு நான்தான். காலையில் ஒரு தடவை வந்து பால், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் மோந்து பார்த்துவிட்டுப் போவேன். பழைய குழம்புக்கு ஆயுள் சொல்வேன். மூணு மணிக்குச் சோப்பு. எண்ணெய் விட்டதும் கரண்டியை என் மூக்குக்குக் கீழே நீட்டி, "எப்படிட்டி இருக்கு?" என்பீர்கள். நான் கண்ணை மூடி, கச்சேரிக்கு விமர்சனம் எழுத வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு சொட்டு" என்பேன். நீங்கள் எண்ணி இரண்டு சொட்டு விடுவீர்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மழை பெய்கிறது என்று என் வீட்டில் நான் சொன்னால், உங்கள் தம்பி ஃபோனை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்வார். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பார்ப்பார். நீங்கள் ஒருத்திதான் நான் சரி என்றால் ஊற்றினீர்கள். என் வார்த்தையை நம்பி ஒரு கிலோ சோப்பை ஊற்ற உலகத்தில் ஒரு ஆள் இருந்தது.

அந்த ஆளிடம்தான் நான் பொய் சொன்னேன்.

மீனா கல்யாணம் ஆவணியில். மழை விட்டபாடில்லை. ரிசப்ஷனில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு மல்லிகைச் சோப்பு, பெண்ணின் அம்மா கையால் ஊற்றியது. நூற்றிருபது குட்டிச் சோப்பு. மூன்று நாள் ஊற்றினோம். அன்றைக்கெல்லாம் மல்லிகை சரியாகத்தான் இருந்தது, நானே மோந்து பார்த்துச் சொன்னது. நீங்கள் புடவைக்கும் நகைக்கும் அலைய வேண்டியிருந்ததால், "மேல கொண்டுபோய் ஒவ்வொண்ணாச் சுத்தி வச்சிரு" என்று என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

கண்ணாடித் தாள் சுருள் தீர்ந்துவிட்டது, வாங்கிச் சுற்றிவிடுகிறேன் என்று அப்போது உங்களிடம் சொன்னேன். தீரவில்லை. எனக்குக் கை வலித்தது. என் வீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா உண்டே, சிவப்பு மூடி. வருஷத்துக்கு ஒரு தடவை ஊரில் அரைத்துக் கொண்டுவரும் குழம்புப் பொடி அதில்தான் இருக்கும். எட்டு வருஷமாகப் பொடியைத் தவிர வேறெதையும் அது பார்த்ததில்லை. அந்தச் சமயம் பொடி தீர்ந்திருந்தது. நன்றாகக் கழுவி, கிடைத்த வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கம்தானே, நாளைக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று நூற்றிருபதையும் அப்படியே உள்ளே அடுக்கினேன். நாளைக்கு என்பது நாலு நாளானது.

திறந்தேன் மதினி. மல்லிகை முன்னால் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பின்னாலேயே வத்தலும் வெந்தயமும் பெருங்காயமும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஜமாவாக வந்தன. ஒவ்வொரு சோப்பும் வேர்த்து, அந்த வேர்வையில் எங்கள் வீட்டுக் குழம்பை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள். உங்களிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு திரும்ப அடுப்பு முன்னால் நிற்பீர்கள்.

ஒரே மூச்சில் உட்கார்ந்து நூற்றிருபதையும் சுற்றினேன். அப்போது கை வலிக்கவில்லை. கீழே கொண்டுவந்தேன். நீங்கள் ஒன்றைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

"எப்படிட்டி இருக்கு?"

"மல்லிகை, மதினி. மதுரைல பூக்கடை முன்னால நிக்குத மாதிரி இருக்கு."

வழக்கத்தைவிட ஒரு விநாடி அதிகமாக என்னைப் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள்.

ரிசப்ஷனில் நீங்கள் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் உங்கள் கையால் பை கொடுத்தீர்கள். நான் பத்தடி தள்ளி நின்று சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் பையை மோந்துவிட்டு உள்ளே முறுக்கு இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். மூலிகை என்றேன். எந்த மூலிகை என்றார். கொல்லிமலை என்றேன், மலை பேரைச் சொன்னால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். மாப்பிள்ளையின் பெரியப்பா அடுத்த மாதம் ஃபோன் செய்து இன்னும் மூன்று கேட்டார். வேர்க்குரு அடங்கிவிட்டதாம். மிஞ்சியதிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் நானே கொடுத்தனுப்பினேன்.

உங்களிடம் சொல்ல எத்தனையோ மூணு மணிகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று டப்பாவில் அடுக்கினேன்.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. அன்றைக்கு மூணு மணி வரை நீங்கள் காத்திருக்கவில்லை, காலை பதினோரு மணிக்கே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டப் போனபோது அடுப்புமேல் அந்தப் பாத்திரம் இருந்தது. துண்டு போட்ட சோப்பு பாதி உருகி, முனை மழுங்கி, அப்படியே இறுகிப்போயிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. நெஞ்சு வலியோடு உட்காருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பாத்திரத்தை நான் எடுத்துவந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஃபிரிட்ஜ்மேல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தேன்.

இப்போது இந்த வீட்டில் பேச்சு என்பது இப்படி. உங்கள் தம்பி காதில் ஹெட்ஃபோனோடு காலையில் உட்கார்ந்தால், இரவு வரை வெளிநாட்டுக்காரர்களிடம் குரல் கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். என் குரல் கேட்கிறதா என்று இதுவரை விசாரித்ததில்லை. மகன் விக்கி கச்சிபௌலியில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டான், சனிக்கிழமை அழுக்குத் துணியோடு வருவான். "சாப்பிட்டியாடா?" என்றால் "தின்னானம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஃபோனுக்குள் போய்விடுவான். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டுத் திட்ட இந்த இரட்டை நகரத்தில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று நானே என்னை "ஏட்டி செல்வி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இல்லை. திட்டுவதற்கு வேறு ஒருத்தர் வேண்டியிருக்கிறது.

நீங்கள் போன ஐந்தாம் மாதம் மீனா பூனாவிலிருந்து கூப்பிட்டாள். அவள் தமிழ் உங்களுக்குத் தெரியாததா? பத்து வார்த்தைக்கு மேல் போனால் இந்தியில் இறங்கி இளைப்பாறும்.

"அத்தே, அம்மாவோட கல்யாண வாலா சோப் வேணும். நீங்க பண்ணித் தர முடியுமா? அதே வாசனை."

அதுக்கென்ன என்றேன். அதே மல்லிகை எண்ணெய், அதே பேஸ், கண்ணாடித் தாளில் மாவுக்கட்டுப் போட்ட மாதிரி சுற்றி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன்.

"அத்தே, யே நை ஹை. இது இல்ல."

"மல்லிகைதானேம்மா?"

"மல்லிகைதான். ஆனா இது இல்ல."

அப்புறம் அவள் மாமியார் கதை, ஆபீஸ் கதை, வெண்டைக்காய் ஏன் கொழகொழவென்று வருகிறது என்ற கதை. முப்பத்தைந்து நிமிஷம் மதினி. முப்பத்தைந்து நிமிஷம் ஒரு ஆள் என்னிடம் தமிழில் பேசியது. மல்லிகையைக் கூட்டி மறுபடி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மறுபடி, "இது இல்ல அத்தே."

மூன்றாவது தரம் ஊற்றிய அன்றைக்கு, மல்லிகை எண்ணெய் பட்ட கையோடு குழம்புக்குப் பொடி எடுக்கச் சிவப்பு மூடியைத் திறந்தேன். கையில் மல்லிகை, டப்பாவில் பொடி. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறின. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சோம்பேறித்தனத்தைத்தான் அந்தப் பெண் அம்மா வாசனை என்று தேடிக்கொண்டிருந்தாள்.

தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்தேன்?

லாவெண்டர் அனுப்பினேன்.

அடுத்த வாரம் வெட்டிவேர். அதற்கடுத்து சந்தனம், மரிக்கொழுந்து. ஒரு தடவை ஆரஞ்சு. ஆரஞ்சு எதற்கு என்று எனக்கே தெரியாது. உங்கள் தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி, "மீனா என்ன லாண்டரி வச்சிருக்காளா?" என்றார். கூரியர்க்காரர் மேடம் பிசினஸா என்றார். ஹவ் என்று இந்த ஊர்ப் பாணியில் ஆமாம் போட்டேன். ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. சரியான சோப்பை அனுப்பிவிட்டால் ஃபோன் எதற்கு வரும்? உண்மையைச் சொல்லாததற்கு உங்களுக்குச் செய்த சத்தியம், உங்கள் மானம் என்று பெரிய பெரிய காரணமெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அந்த முப்பத்தைந்து நிமிஷம். நாலு மாதம் இப்படி ஓட்டினேன். திட்ட வேண்டுமென்றால் இந்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு மீனா வழக்கம்போல "இது இல்ல" என்று சொல்லவில்லை. வேறு சொன்னாள்: கல்யாணச் சோப்பில் கடைசி ஒன்று அவளிடம் இருந்ததாம். தேய்ந்து பிறை மாதிரி ஆனதும் குளிப்பதை நிறுத்தி, கைக்குட்டையில் மடித்து ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டாளாம். தினமும் ஒரு தடவை எடுத்து மோந்து பார்ப்பாளாம்.

"நேத்து ஒண்ணுமே வரல அத்தே. வாசனை போயிடுச்சு. பாத்ரூம்ல போய் அழுதேன்."

ஃபோனை வைத்த பிறகு ஸ்டூலைப் போட்டு ஃபிரிட்ஜ்மேல் இருந்த பாத்திரத்தை இறக்கினேன். நீங்கள் வெட்டிப்போட்ட துண்டுகள். தண்ணீரை முனகவிட்டேன். உங்கள் துண்டுகளின் முனைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கரண்டியை மெதுவாகத்தான் சுற்றினேன். ஐம்பத்தெட்டில் மல்லிகை. ஆறு அச்சு நிறைந்தது. ஸ்பிரிட் அடித்தேன். நாலு மணி நேரம் தொடவில்லை, வேறு வேலையும் ஓடவில்லை.

அப்புறம் தப்பைச் செய்தேன். பொடியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவை அன்று கழுவிய மாதிரியே கழுவி, வெயில் காட்டி, ஆறு சோப்பையும் சுற்றாமல் உள்ளே வைத்து மூடினேன். தப்பை அதே அளவில் திரும்பச் செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலு நாளும் மூடியைத் திறந்து பார்க்காமலிருக்க, டப்பாமேல் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தேன். முத்து முத்தாக வேர்த்திருந்தது. மோந்து பார்த்தேன். "எப்படிட்டி இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லை.

ஐந்து அனுப்பினேன். ஆறாவது எங்கே என்று கேட்காதீர்கள்.

ஃபோன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. புதன்கிழமையே வந்தது, பார்சல் கையில் கிடைத்த உடனே. மணி பார்த்தேன், மூணு.

"அத்தே."

"சொல்லும்மா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இதுதான் அத்தே."

அதற்கு மேல் என்னால் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டப்பா, நாலு நாள் சோம்பல், மதுரைப் பூக்கடை, கொல்லிமலை. உங்களுக்கு மூக்கு போனதையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை உடைத்துவிட்டேன் மதினி.

"தெரியும் அத்தே."

"என்னம்மா தெரியும்?"

"அம்மாவுக்கு ஸ்மெல் வராதுன்னு தெரியும். ரிசப்ஷன் முடிஞ்ச அன்னிக்கே நான் கேட்டேன், ஏம்மா சோப்ல அத்தை வீட்டுக் குழம்பு வாசனை வருதுன்னு. அம்மா போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாங்க."

"அப்புறம்?"

அப்புறம் மீனா உங்கள் குரலில் சொன்னாள். இந்தி எங்கேயோ போய்விட்டது, சுத்தமான நம் ஊர்ப் பேச்சு. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ. "'எனக்கு மூக்குதான் இல்ல, கண்ணு இருக்கு. பையை மோந்தவங்க மூஞ்சி அம்புட்டையும் பாத்தேன். ஆனா செல்வி மல்லிகைன்னு சொல்லிட்டா. அவ சொன்னா மல்லிகைதான். நீ அவகிட்ட வாயைத் திறந்தே, பாத்துக்க.' இதுதான் அத்தே அம்மா சொன்னது. பூனாக்கு வந்துருங்கன்னு கூப்பிட்டேன். 'என் மூக்கு இங்க அஞ்சாம் மாடில இருக்கு, நான் எப்படி வர'ன்னுட்டாங்க."

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "அப்போ நாலு மாசமா என்னை ஏம்மா அலையவிட்டே? குழம்பு வாசனைன்னு நேராச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"அம்மா ப்ராமிஸ் வாங்கியிருக்காங்களே அத்தே." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க ஏன் அத்தே ஆரஞ்சு அனுப்பினீங்க?"

நெட்வொர்க் சரியில்லை, கேட்கவில்லை என்றேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஃபோனை வைக்கவும் இல்லை.

அவளிடம் ஒரு சத்தியம், என்னிடம் ஒரு சத்தியம். இரண்டு பேரையும் ஒரே ரகசியத்துக்கு இரண்டு பக்கம் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் தினம் தினம் கரண்டியை என் மூக்குக்கு நீட்டினீர்களே, என்ன நினைத்துக்கொண்டு நீட்டினீர்கள்? நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தீர்களா? அல்லது என் பொய்க்கும் சேர்த்து இரண்டு சொட்டு விட்டீர்களா?

அந்தப் புதனுக்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டன. ஃபோன் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லைதானே, சோப்பு கிடைத்துவிட்டது. பதினோரு மணிக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு இன்னொரு தடவை. வெண்டைக்காயை ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. லாவெண்டர் இன்னும் அரை சீசா இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முன்பு கொடுத்ததை உடைத்தவள்தான், ஆனாலும் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு பதினோரு மணிக்கு நானே மீனாவைக் கூப்பிடுவேன். கையில் சோப்பு இருக்காது, சாக்கு இருக்காது. என்ன அத்தே விஷயம் என்று கேட்பாள். ஒண்ணுமில்லம்மா, உன்கூடப் பேசணும்னு இருந்துச்சு என்று சொல்வேன். அது பொய் இல்லை மதினி. வேணும்னா என் மூஞ்சியைப் பாத்துக்கிடுங்க.

என்றும் உங்கள் மூக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
செல்வி